நானூறு ஜிபி காலி

டிசம்பர் 10, புதன்

காலை 7.00 மணி வரை உறுதியானது: 'சமாதான தீபம்' விசைப்படகு கரை சேரவில்லை. அதில் பதினொரு பேர் இருக்கிறார்கள். சொன்னவர், சின்னக்குருசடி மீனவர் சங்கத்தின் ஒயர்லெஸ் அறையைப் பார்த்துக்கொள்ளும் அருளப்பன்.

படகிலிருந்து கடைசி அழைப்பு நேற்று பிற்பகல் 3.20க்கு வந்திருக்கிறது. பேசியவர் படகை ஓட்டும் கஸ்பார், வயது 44. எஞ்சின் நின்றுவிட்டது, பாட்டரி இறங்குகிறது என்று சொல்லி இடத்தையும் கொடுத்திருக்கிறார். அருளப்பன் அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்: வடக்கு 7 டிகிரி 38 மினிட், கிழக்கு 76 டிகிரி 41 மினிட். கரையிலிருந்து தென்மேற்கே சுமார் 85 கிலோமீட்டர்.

"அதுக்குப் பொறவு சத்தம் இல்ல சாரே. நானும் தொண்ட கிழியக் கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார். அவருக்குத் தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது.

சங்கச் செயலாளர் கூப்பிட்டு, நாகர்கோவிலிலிருந்து 5.50 பஸ்ஸில் வந்தேன். இரண்டு சட்டை, பிரஷர் மாத்திரை, இந்த நோட்டு. முப்பத்தொரு வருடம் நாளிதழ் செய்தியாளனாக இருந்தவன், ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. என் வேலை ஒன்றுதான். சங்க வாசலில் உள்ள கரும்பலகையில் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும், உறுதியான செய்தியை மட்டும், யார் சொன்னது என்பதோடு எழுத வேண்டும். முந்தைய விபத்தொன்றில் போனில் வந்த வதந்தியை நம்பி ஒரு வீட்டில் ஒப்பாரி வைத்து, மறுநாள் ஆள் உயிரோடு வந்தாராம். அதனால் இந்த ஏற்பாடு.

தேடுதலை ஒருங்கிணைக்கும் அலுவலகம் இன்று 11 மணிக்கு விமானம் அனுப்பியது. குறிப்பேட்டில் உள்ள இடத்தை வைத்து ஒரு சதுரம் வரைந்து தேடியிருக்கிறார்கள். எதுவும் தென்படவில்லை. சொன்னவர், அங்கே தொலைபேசி எடுத்த அதிகாரி. மரியாதையாகப் பேசினார்.

மாலையில் கொச்சியிலிருந்து நந்தகுமார் என்ற ஆய்வாளர் அழைத்தார். காற்றும் நீரோட்டமும் மிதக்கும் ஒரு பொருளை எங்கே கொண்டுபோகும் என்று கணக்கிடும் மென்பொருள் அவரிடம் இருக்கிறது. அவருடைய ஆய்வகத்தின் கணினி அறை குளிர்சாதன வேலைக்காக ஒரு வாரம் மூடியிருக்கிறது. மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்களாம். கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். எந்தக் கணினியில் இறக்கினாலும் ஓடும் என்றார்.

"இமேஜுன்னா படமா?" என்று அருளப்பன் கேட்டார்.

படம் இல்லை என்றேன். என்ன என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சங்கத்தில் இருப்பது ஒரு கணினி. ஒயர்லெஸில் வரும் பேச்சையெல்லாம் தானாகப் பதிவு செய்துகொள்வதற்காக வாங்கியது. நாளைக்கு அதில் இறக்கிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

டிசம்பர் 11, வியாழன்

காலை 7.00 மணி வரை உறுதியானது: இரண்டாம் நாளாகத் தேடுதல் தொடங்கும், அதே சதுரத்தில். ஆதாரம், அதே அதிகாரி.

கஸ்பாரின் மனைவி மெற்றில்டா ஆறரைக்கே வந்து பலகைக்கு எதிரில் நின்றிருந்தார். நான் எழுதி முடித்ததும், "தண்ணியப் பத்தியும் எழுதுங்க சாரே" என்றார். திரும்பி வரும் படகு என்பதால் குடிதண்ணீர் குறைவு. செவ்வாய்க்கிழமையிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு நாளைக்கு வரும். அதாவது வருகிற திங்கள் வரை. சொன்னது மெற்றில்டா என்று போட்டு எழுதினேன்.

இமேஜ் 14 ஜிபி. டெல்பின் என்ற பெண் போனில் வழி சொன்னாள். இந்த ஊர்க்காரி, முப்பத்துநாலு வயது, திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவள் வாட்ஸப்பில் அனுப்பிய வரிகளை எழுத்துப் பிசகாமல் தட்டினேன். 8.05க்குத் தொடங்கியது. சங்கத்து இணையத்தில் இரண்டு மணி நேரம் பிடித்தது. 10.12க்கு எல்லாம் இறங்கி, கட்டைப் பிரிக்கும்போது நின்றது. திரையில் வந்ததைத் தமிழில் எழுதினால்: இந்தச் சாதனத்தில் இடம் மிச்சம் இல்லை.

பார்த்தேன். 38 ஜிபி காலியாக இருந்தது. பதினாலு வைப்பதற்கு முப்பத்தெட்டில் இடம் இல்லையா? டெல்பின் அப்போது மீட்டிங்கில் இருந்தாள். மறுபடியும் தொடங்கினேன். முதலிலிருந்தே இறங்கியது. ஏற்கெனவே இறங்கியதில் ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை.

வலைக்கூடத்திலிருந்து நாலைந்து பேர் வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். "ஒரு சாமானம் எறக்க ஒரு நாளு முழுக்கவா? எங்க போட்டு மாலத்தீவுப் பக்கம் போய்ட்டு வந்துருமே" என்றான் ஒருவன். இன்னொருவன், "நீ சும்மா கெட. அவரு பாறையில ஒட்டின பாசிபோல ஒரே எடத்துல இருந்து தட்டுதாரு" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

12.50க்கு அதே செய்தி. டெல்பின் ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: "டிஸ்க்ல கொஞ்சம் இடம் பண்ணுங்க சாரே, மூணு மணிக்குக் கூப்பிடுதேன்."

கணினியில் இரண்டு டிஸ்க். சிறியதற்கு எதிரே நீலக் கோடு. பெரியதற்கு எதிரே கோடு முழுக்கச் சிவப்பு. 931 ஜிபியில் மிச்சம் 22. பிரச்சினை எது என்று சிவப்பே சொல்லியது. பழைய ஒலிக்கோப்புகள் சில நீக்கப்பட்டன. கோடு நீலமானது.

1.20க்கு மூன்றாம் முறை தொடங்கினேன். அருளப்பன் வீட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் சாளைக் கறியும் வந்தது. மாத்திரை போட்டேன்.

3.35: இடம் மிச்சம் இல்லை.

டிசம்பர் 11, மாலை

விமானம் திரும்பிவிட்டது. ஒன்றும் இல்லை. டெல்பின் லீவு போட்டுவிட்டு நாளைக் காலை வருகிறாள்.

டிசம்பர் 12, வெள்ளி

மாலை 5.00 மணி வரை உறுதியானது: 'சமாதான தீப'த்தின் பதிவு எண் எழுதிய நீல நிற மீன்பெட்டி ஒன்று இன்று அதிகாலை 5.30க்குக் கடலில் கிடைத்திருக்கிறது. வடக்கு 7 டிகிரி 29, கிழக்கு 76 டிகிரி 10. எடுத்தவர்கள் வேறொரு ஊர்ப் படகுக்காரர்கள். அவர்கள் கரை திரும்பும் வழியில் சொல்லி, தகவல் 11.15க்கு இங்கே வந்தது. பெட்டி தானாக விழுந்ததா, அடையாளத்துக்காகப் போட்டார்களா என்பது தெரியாது.

டெல்பின் ஒன்பது மணிக்கு வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே கணினி முன்னால் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

"சாரே, பதினாலு ஜிபிங்கது சுருட்டிக் கட்டினது. பிரிச்சா நாப்பத்தொண்ணு. பிரிக்கும்போது சுருட்டினதும் இருக்கணும், பிரிச்சதும் இருக்கணும். ரெண்டும் சேந்து அம்பத்தஞ்சு. நம்மகிட்ட முப்பத்தெட்டு. அதான் கடைசிவரை வந்துட்டு விழுது. விழுந்த ஒடனே பாதி பிரிச்சதத் தூக்கிப் போட்டுருது. நீங்க போய்ப் பாக்கும்போது மறுபடி முப்பத்தெட்டு காலியாக் காட்டும்."

"பெரிய டிஸ்கில் இடம் செய்தோமே?"

"அது என்னத்துக்கு? இது அந்த டிஸ்க்குக்குப் போறதே இல்ல. எங்க வைக்கணும்னு நம்ம சொல்லலன்னா சின்ன டிஸ்க்லதான் வைக்கும்."

பெரிய டிஸ்கைத் திறந்து பார்த்தாள். "நானூறு ஜிபி காலி கெடக்கு. நல்லதாப் போச்சு, இங்கயே வச்சிருவோம்."

"நேத்து வர செவப்பால்லா கெடந்துது?" என்றார் அருளப்பன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. நான் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினேன்.

அவளுடைய நிறுவனத்து மடிக்கணினியில் வெளி மென்பொருள் போட அனுமதி இல்லை. வாடகைக்குக் கணினி தரும் இணைய நிறுவனம் ஒன்றில் விண்ணப்பித்திருக்கிறாள். புதிய கணக்குக்குப் பெரிய எந்திரம் கொடுக்க இரண்டு மூன்று வேலைநாள் சரிபார்ப்பு. நடுவே சனி, ஞாயிறு. ஆக இருப்பது இதுதான். சேமிக்கும் இடத்தைப் பெரிய டிஸ்குக்கு மாற்றி, 10.30க்குப் பதிவிறக்கத்தைத் தொடங்கினாள்.

பெட்டி கிடைத்த தகவல் வந்ததும் செயலாளர் படகில் உள்ளவர்களின் வீட்டாரை உள்ளே கூப்பிட்டார். பெட்டி கிடைத்த இடத்திலிருந்து மென்பொருளைப் பின்னோக்கி ஓட்டினால் அது எங்கிருந்து மிதந்து வந்தது என்று சொல்லும் என்று டெல்பின் விளக்கினாள். "குறிப்பேட்டுல உள்ள எடத்துலேருந்து வந்ததுன்னு காட்டிச்சுன்னா இப்பத் தேடுறது சரி."

அப்போதுதான் மெற்றில்டா எழுந்தார். 11.40.

"அந்தப் புஸ்தகத்துல உள்ளது நேரு நம்பரான்னு யாருக்காவது தெரியுமா?"

புரியவில்லை என்றேன்.

"அவிய ஒயர்லெஸ்ல எடத்த உள்ளபடி சொல்ல மாட்டாவ சாரே. மத்த போட்டுக்காரம்மாரு கேட்டுட்டு அங்க வந்து தூண்டிலு போட்டுருவாம்லா. அதனால இருபத்தஞ்சு மினிட்டு மேற்க தள்ளிச் சொல்லுவாவ. நான் இஞ்ச கூட்டிக்கிடுவேன். எங்க வீட்டுக் கணக்கு அது. ஆவத்துன்னா மட்டும் 'நேரு'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, உள்ள நம்பரச் சொல்லணும்."

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இருபத்தஞ்சா? நாங்க இத்தன வருசமும் பதினெட்டுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தோம்" என்றார்.

எல்லாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாரும் மற்றவர் கணக்கைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். இது எனக்கு மட்டும்தான் செய்தி.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றார் செயலாளர்.

"அவிய தம்பி சொல்லாண்டாம்னு சொன்னாரு. வெளிய தெரிஞ்சா அடுத்த வருசம் தொழிலு பண்ண முடியாதாம். மூணு நாளு வாய மூடிட்டு இருந்தேன். இனி முடியாது." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். கொழுந்தன் அதே அறையில்தான் இருந்தார்.

இருபத்தைந்து மினிட் என்பது நாற்பத்தாறு கிலோமீட்டர். கஸ்பார் 'நேரு' சொல்லியிருந்தால் தேடுகிற இடம் சரி. சொல்லாதிருந்தால் இரண்டு நாளாக விமானம் தேடியது படகு ஒருபோதும் இல்லாத இடத்தை.

எல்லாரும் அருளப்பனைப் பார்த்தார்கள். "நான் நம்பரத்தான் எழுதினேன். சொன்னாவளா சொல்லலியான்னு சத்தியம் பண்ண முடியாது. ஒரே எரைச்சல்" என்றார். பிறகு முகம் தெளிந்தது. "அதுக்கென்ன, எல்லாம் பதிவாகிக் கெடக்குமே. போட்டுக் கேட்டாப் போச்சு."

பதிவிறக்கம் நடந்துகொண்டிருப்பதால் கணினியை இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம், முடிந்த பிறகு கேட்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது.

12.55க்கு இமேஜ் முழுதாக இறங்கிப் பிரிந்தது. பிழை எதுவும் வரவில்லை. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பிற்பகல் முழுவதும் காற்று, நீரோட்டத் தரவுகளை இறக்கினோம். இரண்டு முறை கரன்ட் போனது. ஒலிப்பதிவை நாளைக்கு வைத்துக்கொண்டோம்.

சட்டையைத் துவைத்துப் போட்டேன். காயவில்லை. மனைவி போன் செய்து, சாப்பிட்டீர்களா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். மழை என்றேன்.

டிசம்பர் 13, சனி

காலை 10.15க்கு உறுதியானது: சங்கக் கணினியில் 2312 ஒலிப்பதிவுக் கோப்புகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. செவ்வாய் பிற்பகல் 3.20 பதிவும் அதில் ஒன்று. அழித்தவன் நான். வியாழக்கிழமை பிற்பகல் 12.58 முதல் 1.06 வரை. ஆதாரம் நான்.

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

9.30க்கு அருளப்பன் பதிவுகளைத் திறக்கச் சொன்னார். டெல்பின் தேடினாள். வியாழன் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு பதிவானவை இருந்தன. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை, ஏனென்றால் நான் தொட்டிக்கு அனுப்பாமல் நேராக அழித்திருந்தேன்.

மெற்றில்டாவின் கொழுந்தன் அருளப்பனைப் பார்த்து, "வேய், ராத்திரி தூக்கத்துல எதையாம் அமுக்கிட்டீரா?" என்றார். இன்னொருவர் இன்னும் மோசமாகச் சொன்னார், அதை இங்கே எழுதவில்லை. அருளப்பன், "எனக்கு மைக்க அமுக்கத் தெரியும், வேற எதுவும் தெரியாது. நான் தொடல்ல மக்கா, நான் தொடல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூடி திறந்த பேனாவைப் பிடித்திருந்தார். மை அவருடைய வேட்டியில் இறங்கியது.

9.30 முதல் 10.15 வரை, நாற்பத்தைந்து நிமிடம், நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு சொன்னேன். ஏன் அழித்தேன் என்று செயலாளர் கேட்டார். இடம் செய்ய என்றேன். ஏன் இந்த வாரத்தையும் சேர்த்து? கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் நாளிதழில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டியைக் கேசட்டில் பிடிப்போம், குறிப்பெடுப்போம், செய்தி அச்சானதும் அதே கேசட்டில் அடுத்த பேட்டியைப் பிடிப்போம். கையால் எழுதிய குறிப்பு இருந்தால் கேசட்டு வெறும் பிளாஸ்டிக். குறிப்பேட்டில் அருளப்பன் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, கோடு கிழித்து, எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாக் கோப்பையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்தேன்.

வியாழக்கிழமைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். 'பழைய ஒலிக்கோப்புகள் சில' என்று இருக்கிறது. பழையது மட்டும் இல்லை. சிலதும் இல்லை. வெள்ளிக்கிழமைக் குறிப்பில், பதிவை அப்புறம் கேட்கலாம் என்று 'முடிவு செய்யப்பட்டது' என்று இருக்கிறது. அப்படிச் சொன்னது நான். மற்றவர்கள் சரி என்றார்கள், ஏனென்றால் சொன்னது நான்.

டெல்பின் என்னைத் திட்டவில்லை. "அழிச்சா ஒடனே போயிராது சாரே" என்றாள். "அந்த எடம் காலின்னு கணக்குல எழுதி வச்சுக்கும், அவ்வளவுதான். மேல வேற ஏதாவது வந்து எழுதுற வரைக்கும் பழசு அப்படியே கெடக்கும்." சொல்லும்போதே அவள் நிறுத்திக்கொண்டாள். நேற்று 10.30 முதல் அந்த நானூறு ஜிபியில் நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். அவளே தன் கையால் அங்கே மாற்றினாள்.

மென்பொருளை இன்று காலை 9.30க்கு ஓட விடுவதாக இருந்தது. ஓடினால் அதே டிஸ்கில் இன்னும் எழுதும். எனவே நிறுத்திவைத்துவிட்டு, அழிந்ததை மீட்கும் வேலையை 10.40க்குத் தொடங்கினாள்.

பலகையில் எழுதப் போனேன். இந்தப் பக்கத்தின் முதல் பத்தியை அப்படியே எழுதினேன். கூட்டம் படித்தது. ஒருவர் துப்பினார், என்மேல் இல்லை, தரையில். மெற்றில்டா கடைசி வரி வரை படித்தார்.

"நேத்து நான் எந்திரிச்சு சொன்னப்பம் நீங்களும் சொல்லியிருக்கலாமே சாரே."

ஆமாம் என்றேன்.

"என் கொழுந்தன் ஒரு வருசமாவது எங்கிட்டப் பேசமாட்டாரு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

மாலை 6.50க்கு மீட்பு முடிந்தது. 2312இல் 1904 முழுசாகக் கிடைத்தன. செவ்வாய் 3.20 பதிவு மொத்தம் ஒரு நிமிடம் பதினெட்டு விநாடி. அதில் ஒன்பது விநாடி கிடைத்தது.

மீதி இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று டெல்பினிடம் கேட்டேன். அவளுக்குச் சொல்ல விருப்பமில்லை. வற்புறுத்தினேன். இமேஜுக்குள் வந்த ஒரு எழுத்துருக் கோப்பு. வரைபடங்களில் பெயர் எழுதுவதற்கானது, நாங்கள் பயன்படுத்தப்போவதில்லை. அது அந்த இடத்தில் எழுதப்பட்ட நேரமும் பதிவாகியிருக்கிறது: வெள்ளி, பகல் 12.31.

மெற்றில்டா எழுந்து பேசியது 11.40. இடையில் ஐம்பத்தொரு நிமிடம்.

7.40க்கு மென்பொருளைப் பின்னோக்கி ஓட விட்டாள். இந்தக் கணினியின் வேகத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகும் என்று திரை சொல்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

பிற்பகல் 2.30 வரை உறுதியானது: ஐந்தாம் நாளும் அதே சதுரத்தில் தேடியாகிவிட்டது, எதுவும் இல்லை. ஆதாரம், அதிகாரி. கணக்கீடு 86 சதவீதம் முடிந்திருக்கிறது. ஆதாரம், திரை.

பூசை முடிந்து எல்லாரும் நேராக இங்கே வந்துவிட்டார்கள். ஒயர்லெஸ் அறையில் அருளப்பன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். "எட்டாங் கிளாசோட நிறுத்தினவன் நான். ஆனாலும் சாரு படிச்ச ஆளு, தப்பு வராதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

11 மணிக்கு அதிகாரியிடம் இரண்டு இடங்களைப் பற்றியும் சொன்னேன். பதிவைக் கேட்டு உறுதியானதும் சொல்லலாம் என்று வெள்ளி முதல் தள்ளிப்போட்டிருந்தேன். பதிவு அழிந்ததையும் யார் அழித்தது என்பதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நாளை அனுப்ப அவர்களிடம் ஒரே விமானம், ஒரு பகுதிக்கு மட்டுமே எரிபொருள். நாளைய திட்டம் இன்று மாலை 5.00 மணிக்கு முடிவாகும். "அதற்குள் சங்கத்திலிருந்து எழுத்தில் ஒரு இடம் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். இல்லையென்றால் குறிப்பேட்டில் உள்ளதுதான். ஐந்துக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்வேன். மாற்ற முடியும் என்று உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

கணக்கீடு முடிவது 5.40க்கு. நேற்றுக் காலை ஓட விட்டிருந்தால் இன்று காலை ஏழரைக்கு முடிந்திருக்கும்.

கணக்கீட்டைப் பாதியில் நிறுத்தி இதுவரை வந்ததைப் பார்க்க முடியாதா என்று செயலாளர் கேட்டார். முடிவை ஒரே கோப்பாகக் கடைசியில்தான் எழுதும், நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்றாள் டெல்பின். நந்தகுமாரையும் கூப்பிட்டுக் கேட்டோம். அவரும் அதையே சொன்னார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அவர் எதற்குக் கேட்க வேண்டும்?

மிச்சம் இருப்பது ஒன்பது விநாடி. ஒரு மணிக்கு மெற்றில்டா அதைக் கேட்க வேண்டும் என்றார். டெல்பின் ஹெட்போனைக் கொடுத்தாள். வேண்டாம், எல்லாரும் கேட்கட்டும் என்றார்.

இரைச்சல். பிறகு கஸ்பாரின் குரல்: "சின்னக்குருசடி, சின்னக்குருசடி, சமாதான தீபம். அருளப்பண்ணே, எஞ்சின் நின்னுபோச்சு, கேக்குதா, எழுதிக்கிடுங்க" என்பதோடு நின்றது. அடுத்து வரவேண்டியது 'நேரு' அல்லது 'ஏழு டிகிரி'.

"இன்னொருக்கா."

இப்படிப் பத்தொன்பது முறை. நான் எண்ணினேன். பன்னிரண்டாம் முறைக்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொழுந்தன் வெளியே போய்விட்டார். அருளப்பன் தன் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையசைத்தார்.

செயலாளர்தான் கேட்டார். "நீயே சொல்லும்மா. நேரு சொல்லியிருப்பானா?"

"பயந்திருந்தா நேருதான் சொல்லியிருப்பாவ. இது எஞ்சின் நின்னது மட்டுந்தானே, சரியாக்கிரலாம்னு நெனச்சிருந்தா வழக்கம்போலத் தள்ளிச் சொல்லியிருப்பாவ."

"குரலக் கேட்டா பயந்த மாதிரி இருக்கா?"

மெற்றில்டா அவரைத் திரும்பிப் பார்த்தார். "பதினெட்டு வருசமாச்சு. அவிய பயந்து நான் ஒருக்காகூட கேட்டதில்ல. இது பயமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். ஐந்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். மற்றப் பத்து வீட்டாரும் அவர் சொல்வதை ஏற்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு பெண், "நீ என்னத்த எழுதினாலும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றாள். அது அவருக்கு உதவியாக இருந்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்த இடம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. உறுதி இல்லாதது, ஆதாரம் இல்லாதது. சொல்லவில்லை. இந்த முறை சொல்லாததுதான் சரி என்று நினைக்கிறேன். அதுவும் உறுதி இல்லை.

இப்போது அவர் உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை. டெல்பின் திரையிலிருந்து எழாமல், டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கால்மணிக்கு ஒருமுறை பார்க்கிறாள். 331 ஜிபி.

தெரியவேண்டியவை: மெற்றில்டா எழுதும் இடம், மாலை 5.00க்குள். கணக்கீட்டின் முடிவு, 5.40, கரன்ட் போகாமல் இருந்தால். 5.40க்குப் பின் அதிகாரி திட்டத்தை மாற்றுவாரா என்பது, அவர் போனை எடுக்கும்போது. விமானம் புறப்படுவது நாளை, திங்கள், காலை 6.15.